துடக்கு நாட்களில் ஓர் இடைத்தேர்தல்

என் செல்லத் தம்பி சபாவுக்கு,

அடுத்த கிழமை உன் ஆண்டுத் திவசம். ஒரு வருடமாக உனக்குச் சொல்ல நினைத்ததை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். நம் வீட்டுக் கதையை ஊரறிய எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். உன் மனைவி சரோதான், "எழுதுங்கோ அத்தான், அவருக்கு எதையும் நாலு பேருக்கு முன்னால சொன்னாத்தானே பிடிக்கும்" என்றாள். அதன்பிறகே எனக்குத் துணிவு வந்தது.

லண்டன் புறநகரில் நகரசபை உறுப்பினராக இருக்கும்போதே நீ கண்ணை மூடிவிட்டாய். உறுப்பினர் இறந்தால் அந்த வட்டாரத்துக்கு இடைத்தேர்தல் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன்னைத் தகனம் செய்த சூடு ஆறுமுன்பே உன் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து, உன் இடத்துக்குச் சரோவை நிற்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்டதைவிட, அவள் ஓம் என்று சம்மதித்ததுதான் கடல் தாண்டி இங்கே ஸ்காபரோவில் இருக்கும் எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

அவள் ஏன் ஓம் என்றாள் என்று உனக்குத் தெரியும். உன் வட்டாரத்து வயோதிபர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் மண்டபத்தை மூடுவதா என்று சபை வாக்கெடுக்க இருந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். உன் கதிரைக்கு யார் வருகிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. தனியே சீவிக்கும் அந்தக் குஜராத்திக் கிழவிகளும் வெள்ளைக்காரக் கிழவர்களும் எங்கள் ஆட்களும் ஒரு நேரமாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிடுகிற இடம் என்று, தொலைபேசியில் நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்?

இங்கே பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் நம் பெரியக்காவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. செத்த வீட்டார் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கென்று தீட்டுக் காத்து, கோயிலுக்கும் பிறர் வீட்டுக்கும் போகாமல் இருக்கவேண்டும் அல்லவா? அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமையில் வாக்களிப்பு. துடக்குக் கழியட்டும் என்று இருந்தால் வீடு வீடாகப் போய்க் கேட்க நாள் போதாது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"துடக்கோட போய் மற்றவன்ர கதவைத் தட்டுறதோ? நீதானே மூத்த ஆம்பிளை. எடுத்துச் சொல்லு அவளுக்கு."

"சொல்லுறன் அக்கா."

"எப்ப?"

"ஐயரிட்ட ஒருக்காக் கேட்டிட்டு..."

"உனக்குச் சோறு தின்னவும் ஐயரிட்டக் கேக்கவேணும்."

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஆனால் தம்பி, எனக்கும் துடக்கில் நம்பிக்கை உண்டு. அது உனக்கு நாங்கள் செய்யும் மரியாதை. ஒரு தேர்தலுக்காக அதை விட்டுவிடலாமா? அதேநேரம், நீ காப்பாற்ற ஓடித்திரிந்த மண்டபத்தை மூடவிட்டுவிட்டு வீட்டில் இருப்பது மட்டும் என்ன மரியாதை? இரண்டு பக்க நியாயத்தையும் மாறிமாறி எடைபோட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மகன் என்னை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப்போனான். எங்களுக்கும் துடக்கு என்பதால் உள்ளே போகவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பனிக்குள் நின்றபடி, கோயிலுக்கு வந்த ஒருவரிடம் சொல்லி ஐயரை வரவழைத்தேன். வேட்டிக்கு மேல் தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சாத்திரத்தில எலெக்சன் இல்லை அண்ணை," என்றார். "துடக்குக்காரர் மற்றவை வீட்டுக்குள்ள போறேல்லை, கோயிலுக்குள்ள வாறேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இது என்ன பதில் என்று மனம் சோர்ந்து திரும்பினேன். பேவியூ வீதியில் சிவப்பு விளக்குக்குக் கார் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் உள்ளே போகவில்லை. அவர் வெளியே வந்தார். கதைக்க வேண்டியதைக் கதைத்தோம். துடக்கை யாரும் மீறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வாக்குக் கேட்கப் போகிறவர்கள் உள்ளே போவார்களா, இருப்பார்களா, ஏதாவது குடிப்பார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

"உள்ளுக்கோ? வெள்ளைக்காரன் கதவையே பாதிதான் திறப்பான் அத்தான். வாசல்ல நிண்டு துண்டுப்பிரசுரத்தைக் குடுத்திட்டு, ரெண்டு கதை கதைச்சிட்டு வாறதுதான்."

"எங்கட ஆக்கள்?"

"அவை உள்ளுக்க வாங்கோ வாங்கோ எண்டு இழுப்பினம். துடக்கெண்டு சொன்னா விட்டிடுவினம்."

பிறகு அவளே கேட்டாள்: "நான் போகட்டோ அத்தான்? நீங்கள் வேண்டாமெண்டால் போகேல்லை."

குடும்பத்தில் ஒரு முடிவை இவ்வளவு முழுதாக என் கையில் யாரும் தந்ததில்லை.

"படி தாண்டாதை பிள்ளை," என்றேன். "போய்க் கேள்."

அதைவிடக் கடினம் அக்காவுக்குச் சொன்னது. "நான்தான் போகச் சொன்னனான்" என்றேன். காரணத்தைக் கேட்காமலே தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. அந்த நாட்களெல்லாம், நான் கண்டது சாத்திரமா, அல்லது எனக்கு வேண்டியபடி தேடிக்கொண்ட சமாதானமா என்று குழம்பிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. உனக்கு அங்கே தெரியுமா?

வாக்கு எண்ணி முடிந்ததும் சரோ தொலைபேசி எடுத்தாள். "அத்தான், வெண்டிட்டம்."

உடனே அக்காவுக்குச் சொன்னேன். இந்தமுறை அவள் தொலைபேசியை வைக்கவில்லை. "அவ்வளவு வீட்டுக்கும் நடந்து அவளுக்குக் கால் என்னமாதிரி வீங்கிக்கிடக்கோ," என்றாள் அக்கா. "நல்லெண்ணெய் பூசி உருவச் சொல்லு."

மண்டபம் மூடப்படவில்லை தம்பி. வாக்கெடுப்பில் சரோவின் கையும் உயர்ந்தது. அவள் இப்போது மாதத்தில் ஒருநாள் அங்கே போய், நீ செய்ததுபோலப் பரிமாறுகிறாள்.

நகரசபை முழுவதற்கும் பொதுத்தேர்தல் வரும்போது அவள் மறுபடி நிற்கவேண்டும். அப்போது நானும் அக்காவும் லண்டனுக்குப் போவதாக இருக்கிறோம். தெரியாத ஒருவருடைய கதவைத் தட்ட எனக்குத் துணிவு வருமோ தெரியாது. அக்கா தட்டுவாள். நான் பக்கத்தில் நின்று துண்டுப்பிரசுரத்தை நீட்டுவேன். அந்தமுறை எங்களுக்குத் துடக்கு இருக்காது. யார் உள்ளே வரச்சொன்னாலும் போய் இருந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்து, உன்னைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் எழும்புவோம். இதை மட்டும் தயக்கமில்லாமல் உனக்கு வாக்காகத் தருகிறேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின் இருக்கும்
உன் அண்ணை,
ஸ்காபரோ.