ஆறு விழாத பகடை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், என் முழங்காலும் உன் அம்மாவின் வாயும் வழக்கம்போல் ஓடுகின்றன, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நாலாவது இன்டர்வியூவிலும் எடுக்கவில்லை, எனக்கு ராசியே இல்லை அப்பா என்று நீ போனில் அழுததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்குகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

என் ஏழாம் வகுப்புக்கு நிகழ்தகவைக் கம்ப்யூட்டரில் நடத்த, பகடை உருட்டுகிற புரோகிராமை நீதானே சொல்லிக் கொடுத்தாய், கடைசி எண் கணக்கில் சேராது, ஆறு வரை வேண்டுமென்றால் ஏழு என்று எழுதுங்கள் என்று மூன்று தடவை சொன்னாய், எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் ஆறு என்றே எழுதினேன். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். வகுப்பு உருப்படியாக இருந்தால்தான் அடுத்த வருடமும் கம்ப்யூட்டர் அறை எனக்கு, இல்லையென்றால் பழையபடி சாக்பீஸ்தான். பிள்ளைகள் முதலில் நிஜப் பகடையை அறுபது தடவை உருட்டிப் பலகையில் குறித்தார்கள், ஆறு பதினொரு தடவை விழுந்தது. பிறகு கம்ப்யூட்டரில் அறுபது, ஆறு ஒன்றுகூட இல்லை. நான் அசருவேனா, எல்லாம் வாய்ப்புதான், பொறுமை வேண்டும் என்று பெரிய மனுஷன்போல் சொல்லி ஆயிரமாக்கினேன், அப்போதும் பூஜ்யம். ஓயாமல் கேள்வி கேட்பதால் நாங்கள் சந்தேகம் என்று கூப்பிடும் பெண் எழுந்து, ஆயிரத்துல ஒண்ணுகூட விழலன்னா அது வாய்ப்பு இல்ல சார், நீங்க எழுதினதுலதான் ஏதோ தப்பு என்றாள். ஆமாம், தப்பு என்னுடையதுதான், எங்கே என்று நீயே தேடு என்று அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். கடைசி எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து ஏழில் நிறுத்தினாள், ஆயிரத்தில் நூற்று எழுபத்திரண்டு ஆறுகள் விழுந்தன, வகுப்பே கத்தியது. தலைமையாசிரியை போகும்போது, இன்னிக்குத்தான் சார் எனக்கே நிகழ்தகவு புரிஞ்சுது, அறைச் சாவிய நீங்களே வச்சுக்குங்க என்றார்.

இப்போது உன் விஷயம். பகடையை நாலு தடவை உருட்டினால் ஆறே விழாமல் போவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி நடக்கும், வேண்டுமானால் நீயே ஓட்டிப் பார். நாலுக்கெல்லாம் ராசியை இழுக்காதே, ஐந்தாவதற்குப் போ. ஆயிரம் ஆனாலும் விழவில்லை என்றால் சொல், தப்பு எங்கே என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடுவோம், இந்தத் தடவை நீ சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வேன்.

பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே. நன்றாக இரு, கண்ணு.

ஆறைத் தொலைத்த
உன் அப்பா