மூடாத முக்கோணம்

1991 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் முக்கோணம் வரைந்தார்கள். எவ்வளவு போக வேண்டும், எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று கட்டளை கொடுத்தால் அது வரையும். பிறகு பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி மடித்துப் பிரமிடு செய்ய வேண்டும்.

வாழவந்தி ஊரிலிருந்து வரும் செல்வி, முக்கோணத்தின் உள்கோணம் அறுபதுதானே என்று திரும்பவும் அறுபது டிகிரியே கொடுத்தாள். முக்கோணம் மூடவில்லை. அவள் எடுத்த மூன்று பிரிண்டும் வீண்.

எட்டிப் பார்த்த தலைமையாசிரியை, "பேப்பர்தான் வீணாகுது டீச்சர். நாளையிலிருந்து போர்டுலயே நடத்துங்க" என்றார்.

செல்வி வெளியே ஓடினாள். மைதானத்தில் முக்கோணமாக நடந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், மூலையில நூத்தியிருவது திரும்பணுமுங்க!" என்று கத்தினாள். உள்ளே வந்து மாற்றி அடித்தாள். கோடு வந்து சேர்ந்தது.

நாளைக் காலை அவளைத் தலைமையாசிரியையிடம் கூட்டிப்போகிறேன். அவளே விளக்கட்டும். அவர் அப்போதும் மறுத்தால், சாயங்காலம் பள்ளி விட்டபின், பிள்ளைகளின் பஸ் வரும்வரை கம்ப்யூட்டரில் நடத்துவேன். நிறுத்தமாட்டேன்.