மூன்று கறுப்புக் கட்டைக்கு முன்னால்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். உன் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியைக் குறைத்தார்களா இல்லையா? ஃபோனில் கேட்டால் மழுப்புகிறாய். நானும் ஒன்றை மழுப்பினேன். தூங்கவைக்கும் பாட்டை நீ தப்பாகப் பாடுவதாக மகள் ஏன் சொன்னாள் என்று கேட்டாயே, அப்போது அவள் பக்கத்திலேயே இருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தக் கைதட்டு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செருப்புக் கடைக்கு மேல் ஒரு அறை. நாற்காலி கிடையாது, கரும்பலகை கிடையாது. அதற்குப் பெயர் இசைப் பள்ளியாம். பிள்ளைகளை வட்டமாக நடக்கவிட்டுக் கை தட்டச் சொல்கிறாள், அது தாளமாம். மின்விசிறி போடும் சத்தத்தோடு சேர்ந்து முனகச் சொல்கிறாள், அது சுருதியாம். மூன்று மாதத்துக்கு வாத்தியத்தைத் தொடவே கூடாதாம். சுருதி என்றால் என்னவென்று எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். அது குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும் சார், பேரை அப்புறம் சொல்லிக்கலாம் என்றாள். பேர் தெரியாத மருந்தை நீ யாருக்காவது கொடுப்பாயா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வகுப்பிலிருந்து மகளை நிறுத்திவிட்டேன்.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. சின்ன வயதில் சங்கீதப் பரீட்சையில் எழுத்துத் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கியவன். பாடச் சொன்னால்தான் வராது. ஒரு புத்தகம் வாங்கினேன். நீ அனுப்பிய கீபோர்டில், எங்கள் மருந்துக் கிடங்கின் லேபிளிலேயே ச, ரி, க, ம எழுதி வெள்ளைக் கட்டைகளில் வரிசையாக ஒட்டினேன். ஆரோகணம் என்றால் ஏறுவரிசை, அவரோகணம் என்றால் இறங்குவரிசை என்று பத்தே நாளில் மகள் ஒப்பித்தாள். நீ அவளைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டு புத்தகத்தின் நாலாம் பக்கத்திலேயே இருந்தது.

வாசிக்கும்போதெல்லாம் ம வந்ததும் நின்றுவிடுவாள். இது ஒண்ணு மட்டும் புளிக்குதுப்பா, அம்மா இப்படிப் பாட மாட்டாங்க என்பாள். அம்மா காதால் கேட்டுப் பாடுகிறவள், அவளுக்கு ஸ்வரம் தெரியாது, புத்தகத்தில் இருப்பதுதான் சரி என்று அதட்டினேன். ஒரு வாரம் அழுதாள். அப்புறம் நிற்காமல் வாசித்தாள். பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

போன சனிக்கிழமை அந்த டீச்சரின் மூக்கை உடைக்கலாம் என்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மற்ற பெற்றோர்களும் இருந்தார்கள். மகள் ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசித்தாள். டீச்சர் கைதட்டினாள், அவளுக்குத் தெரிந்தது அதுதானே. மகள் வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ச என்ற லேபிளை இரண்டு கறுப்புக் கட்டைக்கு முன்னால் ஒட்டியிருக்கணும் சார், மூணு கறுப்புக் கட்டைக்கு முன்னால ஒட்டிட்டீங்க, மற்றதெல்லாம் சரியா வரும், ம மட்டும் தப்பா வரும் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு நாளைக்கு நாலாயிரம் பெட்டிக்கு லேபிள் சரிபார்க்கிறவன் நான். எட்டு வயசுக் காது கண்டுபிடித்ததை இந்தத் தொண்ணூற்றாறு மார்க்குத் தலை கண்டுபிடிக்கவில்லை.

லேபிளையெல்லாம் உரித்துவிட்டேன். ஏன் என்று மகள் கேட்டாள். பசை காய்ந்துபோச்சு என்றேன். அதைச் சொன்ன வாயை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. அன்றிலிருந்து அவள் கீபோர்டைத் தொடவில்லை. குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

வருகிற ஞாயிறு ஃபோனில் அந்தப் பாட்டை முழுதாகப் பாடு. நடுவில் அவள் திருத்த வந்தாலும் மாற்றாதே, எப்போதும் பாடுகிற மாதிரியே பாடு. முடித்ததும் ஸ்பீக்கரைப் போடச் சொல், என்னையும் கூப்பிடு. நான் தோட்டத்துப் பக்கம் நழுவப் பார்ப்பேன், விடாதே. யார் பாடியது சரி என்று அவள் முன்னாலேயே என்னைக் கேள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்