கூட்டிப் பெருக்கிய காடு

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே உங்கள் பெயராகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். நானும் உங்கள் செல்ல மகள் வாண்டுவும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பொக்லைன் சீட்டில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, நடுவில் லைன் கட்டாகி, கடைசியில் சண்டைதான் மிஞ்சும். போன வாரம் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. காட்டு ரோட்டுக்கு அனுமதி வந்துவிட்டதா? வந்தால் கான்ட்ராக்டர் உங்களை இந்த ஊர் வேலைக்கே மாற்றிவிடுவார், தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று குதித்தீர்கள். நான் பதில் சொல்லாமல் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன். பதில் இதுதான்: அனுமதி வரவில்லை. வராததற்கு ஒரு காரணம் உங்கள் பெண்டாட்டி.

முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்துங்கள்.

ஊருக்கு மேற்கே இருக்கும் பொதுக் காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் நடை இல்லை அது. பாட்டிலும் கவரும் பொறுக்குவோம், யாராவது மரத்தில் கை வைத்தால் வனத்துறைக்குச் சொல்லுவோம், கோடையில் தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வோம். மருந்துக்கடைக்காரர், தவளை டீச்சர், நான், இன்னும் சிலர். தவளை டீச்சர் வேறு யாருமில்லை, வாண்டுவின் உயிரியல் டீச்சர்தான். ஒரு தவளையைப் பார்த்துவிட்டால் மழையே கொட்டினாலும் நகரமாட்டார். ஏரிக்கரையில் வரப்போகும் ஓட்டலுக்காகக் காட்டைக் கிழித்து ரோடு போடப் போகிறார்கள் என்றதும் மனு எழுதினோம், கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கினோம். கடைசியில், முடிவெடுக்கும் முன் ஓர் அதிகாரி நேரில் வந்து காட்டைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது.

அங்கேதான் கூத்து. நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறவள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் தரையில் முகம் தெரிய வேண்டும் எனக்கு. அதிகாரி வருகிற இடம் அலங்கோலமாக இருக்கலாமா? டீச்சர் அந்த வாரம் ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. ஆளுக்கொரு துடைப்பம் எடுத்தோம். பாதை முழுக்கச் சருகைக் கூட்டினோம், விழுந்து கிடந்த கிளைகளை இழுத்துப்போட்டோம், கண்ட கண்ட சாணி, புழுக்கை எல்லாவற்றையும் அள்ளி மூட்டை கட்டினோம். ஓடைக்கரைச் சேற்றைக்கூட மருந்துக்கடைக்காரர் பலகை வைத்துத் தேய்த்துச் சமன் செய்தார். நம் கல்யாண மண்டபம்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அதிகாரி வந்தார், நடந்தார், ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க என்று பாராட்டினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அறிக்கை வந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. விலங்குகள் நடமாடும் தடயம் எதுவும் இல்லை, இடம் பூங்கா போலப் பராமரிக்கப்படுகிறது, ரோடு போடுவதால் பெரிய பாதிப்பு இராது என்று எழுதியிருந்தார். பொய் ஒன்றும் எழுதவில்லை மனுஷர். பார்த்ததை எழுதினார். அவர் பார்க்க வேண்டியதை எல்லாம் நாங்கள்தான் மூட்டை கட்டிவிட்டோமே.

டீச்சர் ஊர் திரும்பியதும் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களை யாரு கூட்டச் சொன்னது, காடு என்ன உங்க வீட்டு ஹாலா, அதுக்கு வாய் இல்ல, அந்தச் சாணிதான் அதோட சாட்சி என்று நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். மருந்துக்கடைக்காரர் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அப்புறம் டீச்சர் திடீரென்று நிறுத்தி, மூட்டை எல்லாம் எங்க என்று கேட்டார். குப்பை வண்டி எந்தக் காலத்தில் சொன்ன நாளில் வந்திருக்கிறது? மூட்டைகள் வனக் காவலர் கொட்டகையில் அப்படியே கிடந்தன.

தார்ப்பாய் விரித்துக் கொட்டினோம். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள்தான், நேரம் போனதே தெரியவில்லை. முள்ளம்பன்றி முள் கிடைத்தது. முழுசாக ஒரு பாம்புச் சட்டை, கண் இருந்த இடத்தில்கூடச் சவ்வு அப்படியே இருந்தது. மரநாய் எச்சம் முழுக்க விதைகள். அது தின்று போட்டுத்தான் பாதி மரங்கள் முளைக்கின்றன என்றார் டீச்சர். நான் அதைத்தான் அசிங்கம் என்று அள்ளியிருக்கிறேன். ஒன்று மட்டும் பெரிதாக, உள்ளே மயிரும் எலும்புத் துணுக்குமாக இருந்தது. இது யாரோடது என்று கேட்டேன். தெரியலையே என்றார். டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தையை இதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை எனக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போதும், அந்தப் பெரிய ஆள் யாராக இருக்கும் என்றே ஓடுகிறது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். உங்கள் சூப்பர்வைசரும் வந்திருந்தார். செத்துப்போன காட்டுக்கு எதுக்கு இவ்வளவு கூப்பாடு, அறிக்கையிலேயே ஒண்ணுமில்லன்னு இருக்கே என்று அவர் பேசினார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, ஐயா, இருந்துச்சு, நாங்கதான் கூட்டிட்டோம் என்று சொல்லிவிட்டேன். கூடமே சிரித்தது. மூட்டையை மேசைமேல் வைக்கப் போனேன். அம்மா தாயே, கீழ வைங்க என்று அதே அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். ஆனால் ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், மனுஷர் குத்துக்காலிட்டுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். இது எந்த இடத்துல கிடந்துச்சு, ஓடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டோமே.

எங்கிருந்து வந்தது என்று தெரியாததை ஆதாரமாக எடுக்க முடியாது என்றார். சரிதான் போ, முடிந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் மழை முடிந்ததும் தானே மறுபடி வந்து பார்க்கிறேன், அதுவரை அனுமதி நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. யாரும் துடைப்பத்தோடு உள்ளே கால் வைக்கக் கூடாது. சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு போய் வருகிறேன். சருகு முழங்கால் வரை கிடக்கிறது, கை பரபரக்கிறது, சும்மா இருக்கிறேன். ஓடைக்கரைச் சேற்றில் நேற்று ஒரு தடம் பார்த்தேன். என் உள்ளங்கை அளவு, நகக்குறி இல்லை; நகத்தை உள்ளிழுத்து நடப்பது பூனைச் சாதி என்பார் டீச்சர். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து டீச்சரிடம் கொடுத்தேன். பயமாகவும் இருந்தது, விட்டு வரவும் மனசில்லை. அது தண்ணீர் குடிக்க வந்ததா, இல்லை தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறதா என்று யோசித்துக்கொண்டே வந்து குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வாண்டு வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள். அவள் வளர்ந்துவிட்டாள். உங்கள் செருப்பு இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து வரும்போது சூப்பர்வைசர் வழிமறித்து, உங்க வீட்டுக்காரர் பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போடறீங்களேம்மா என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தினமும் வீட்டுச் சாப்பாடு என்று போனில் நீங்கள் சொன்ன குரல் காதிலேயே இருந்தது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பக்கத்து வீட்டில் ராத்திரி ஆண்குரல் கேட்டால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆனால் அந்த ரோட்டில் முதல் மரத்தைச் சாய்க்கப் போவது நீங்கள் ஓட்டும் வண்டிதான். சாயங்காலம் நீங்கள் வந்து சாப்பிட உட்காருவீர்கள், நான் பரிமாறுவேன், இன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று கேட்பேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது, என் குணம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பதிலைத் தினமும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். ஆனால் போனில் திட்டாதீர்கள், அது பாதியில் கட்டாகிவிடும். பதில் கடிதத்திலும் திட்டாதீர்கள். லீவு கேளுங்கள். கொடுக்காவிட்டால் சண்டை போட்டு வாங்குங்கள். ரோடு வந்தாலும் வராவிட்டாலும் ஒரு தடவை வந்து, எதிரே உட்கார்ந்து, மனசு ஆறும் வரை என்னைத் திட்டிவிட்டுப் போங்கள்.

கதவைத் தாழ் போடாமல் இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி