நான்கு கீறல் போட்ட கல்

ஷின்யாலு,
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டில் நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீங்கள் போன பிறகும் தம்பி லிஹண்டாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. மருத்துவமனையில் மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள். இரண்டு வேளையும் நானே கொடுக்கிறேன்.

எங்கள் பள்ளி இயற்கை மன்றத்துக்குக் காட்டில் நாற்று எண்ணும் வேலை. காட்டோரத்து முவிரிட்சா மரம் என் பங்கு. நம் வீட்டுப் பிள்ளைகளின் தொப்புள்கொடியைக் காலடியில் புதைத்து, மேலே அதன் கன்றையே நடும் அதே மரம். ஏப்ரலில் மரத்தடியில் பத்துத் தப்படிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பால்டின் தகரத்தில் எண் வெட்டிக் கட்டினேன். ஜூனில் ஒன்பதுதான். கால்தடமும் இல்லை, மான் கடித்த அடையாளமும் இல்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, எல்லாம் பெரிய மரத்தைப் பார்த்தே சாய்ந்திருந்தன.

குரங்குகள் அறுபது தப்படி தள்ளித் துப்பிய விதைகளில் முளைத்தவை பதினான்கு. பதினொன்று உயிரோடு இருக்கின்றன. மன்றத்தை நடத்தும் ஆஷியோனோ சாரிடம் காரணம் கேட்டேன். “தாய் மரத்தத் தின்னுற பூச்சியும் பூஞ்சையும் அதோட காலடியிலதான் குடியிருக்கும். பெரிய மரம் தாங்கிக்கும், குஞ்சு தாங்காது. தூரமாப் போனதுதான் பிழைக்கும்” என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்குத் தம்பியின் கன்றுதான் நினைவுக்கு வந்தது; அதுவும் அந்த மரத்தடியில்தான் நிற்கிறது.

தம்பியின் கன்றை இடம் மாற்றலாமா என்று அத்தையிடம் கேட்டேன். “பெரிய படிப்பாளி வந்துட்டா. தாய் நிழல விட்டுட்டுப் பிள்ளைய வெயில்லயா போடுவாங்க? உங்கம்மா ஒண்ணுல கை வெச்சது போதும்டி” என்று மாவு கிண்டும் துடுப்பைக் காட்டினார். அந்தக் கன்றைச் சுற்றி அவர் முள்வேலி போட்டது உங்கள் மேல் இருந்த வெறும் கோபத்தில் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

செவ்வாய் நண்பகல், அத்தை சந்தைக்குப் போனதும் வேலியைப் பிரித்தேன். காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. கன்றில் மூன்று இலைதான் மிச்சம். அடியில், ஐந்தாம் பிள்ளை என்று ஐந்து கீறல் போட்ட ஆற்றுக்கல். அருகே ஒன்று, இரண்டு, மூன்று கீறல் கற்கள், கன்று இல்லாமல். நான் பிறக்கும் முன்பே போய்விட்ட அக்காக்கள். நான்காவது, என் கல், அங்கே இல்லை.

தோண்டினால், வேரையும் கொடி வைத்த துணியையும் வெள்ளை நூல் போல ஏதோ சுற்றியிருந்தது. அது பெரிய மரத்தின் பக்கம் போயிற்று. அறுத்தேன். ஈரமாக இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாகவும்.

அறுபது தப்படி தள்ளி இடம் தேடியபோது, என்னைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் இளம் முவிரிட்சா நின்றது. அதன் காலடியில் பாசி மூடிய கல் ஒன்று. சுரண்டிப் பார்த்தேன். நான்கு கீறல்.

தம்பியின் கன்றையும் கல்லையும் துணியையும் அதிலிருந்தும் நாற்பது தப்படி தள்ளி வைத்தேன். வேலியைப் பழையபடி கட்டிவிட்டேன். அத்தை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், தம்பியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு இமாலி அக்கா, “உச்சி வெயில்ல வீல்னு ஒரு அலறல் அலறினான்டி, அப்புறம் வேர்த்துக் கொட்டித் தூங்கிட்டான்” என்றார். விழித்ததும் சாப்பாடு கேட்டான். அது மருந்தினால் இருக்கலாம். அதன்பின் காய்ச்சல் வரவில்லை. மரத்தடியில் மிச்சமிருந்த ஒன்பது நாற்றுகளும் மறுநாளே கறுத்துவிட்டன.

அம்மா, அக்காக்கள் மூவரும் உங்கள் மடியில்தான் போனார்கள் என்று அத்தை ஒருமுறை சொன்னார். புறப்பட்ட அன்று என்னைக் கட்டிப்பிடித்த நீங்கள் தம்பியைத் தொடவே இல்லை. வேலைக்காகத்தான் போகிறீர்கள் என்று நம்பினேன்; அவனை விட்டுத் தூரமாக இருக்கத்தான் என்று இப்போது புரிகிறது.

உங்கள் காலடியில் அப்படி எதுவும் இல்லை, அம்மா. உங்கள் கால்களை நான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். தம்பி என் இடுப்பளவு வளர்ந்ததும் வந்துவிடுங்கள். முதலில் வாசலுக்கு வெளியே நின்றால்கூடப் போதும். எத்தனை தப்படி என்று நான் எண்ணிச் சொல்கிறேன்.

உங்கள் நான்காம் பிள்ளை,
மினாயோ