நவச்சாரம் கரைந்த சித்திரை

1947 ஏப்ரல் 13, ஞாயிறு. திருத்தணி

ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சத்தியநாதன், அரக்கோணத்தில் கம்பவுண்டர். பள்ளியில் என்ன பாடம் நடத்துகிறாய் என்று அவருடைய அம்மா கேட்டார். ரசாயனம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? சூட்டை வெளியே விடும் மாற்றம்தான் தானாக நடக்கும், சுண்ணாம்பு நீறுவதைப் பாருங்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "இருமல் மருந்துக்குத் தினம் நவச்சார உப்பு கரைக்கிறேங்க. கரைய கரைய கிளாஸ் ஜில்லுனு ஆவுது. சூட்டை உள்ளதான் இழுத்துக்குது. ஆனா தானாத்தான் கரையுது. அது இன்னா கணக்குங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும்தான்.

அவர்கள் போனதும், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14

சம்மதமில்லை என்று நைனா அரக்கோணத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். தபிதாள் அத்தை வந்து, "இன்னாடி சுந்தரி, ஒரு உப்புக்காவ மாப்பிள்ளைய வாணான்றே?" என்றார். ஆங், உப்புக்காகத்தான். சாயங்காலத்துக்குள் சபை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

ஏப்ரல் 16

ஈயம் பூசும் வேடியப்பனிடம் ஒரு பொட்டலம் நவச்சாரம் வாங்கி, கண்ணாடி டம்ளரில் கரைத்தேன். சில்லென்று — டம்ளருக்கே வேர்த்துவிட்டது. அந்த மனுஷன் சொன்னது சரி. மூன்று வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லித் தந்திருக்கிறேன்.

ஏப்ரல் 17

கல்லூரி நோட்டைத் தேடி எடுத்தேன். சூடு பாதிக் கதைதான். துகள்கள் எவ்வளவு கலைந்து பரவுகின்றன என்ற என்ட்ரபியும் உண்டு. அதை வெப்பநிலையால் பெருக்கி, உள்ளே வாங்கும் சூட்டிலிருந்து கழிக்க வேண்டும். விடை மைனஸ் என்றால் தானாக நடக்கும். ஒரு மோல் நவச்சாரம் வாங்குவது மூவாயிரத்து ஐந்நூறு கலோரி. கழிக்க வேண்டியது ஐயாயிரத்துக்கு மேல். மைனஸ்! அன்று மனப்பாடம் செய்தது இன்றுதான் புரிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஏப்ரல் 18

வகுப்பில், நான் நடத்தியது தப்பு என்றேன். "அப்போ பரீட்சையில நான் தப்பா எழுதினது சரியாயிடுமா டீச்சர்?" என்றாள் கன்னியம்மாள். ஆகாது.

பிள்ளைகளிடம் ஒத்துக்கொண்டாயிற்று. அவரிடம்? பார்த்துவிட்டுப் போனவருக்குப் பெண்ணே கடிதம் எழுதுவதா? எழுதிவிட்டேன். ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு. கீழே: நான் சொன்னது தவறு, வேண்டாம் என்றதும் தவறு. தபாலிலும் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 22

பதில் இல்லை.

ஏப்ரல் 26

வந்துவிட்டது. "கணக்கு சரி. ஆனால் புத்தகத்தில் உள்ளபடி இருபத்தைந்து டிகிரி போட்டிருக்கிறீர்கள். சித்திரையில் நம் பக்கம் யார் வீடு அவ்வளவு குளிர்ச்சி? நாற்பது போட்டுப் பாருங்கள், இன்னும் எளிதாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மறுபடி வரலாமா?"

போட்டுப் பார்த்தேன். மைனஸ் இன்னும் பெரிதாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடிதத்தை அப்படியே நைனாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "கணக்கு எனக்குப் புரியல. வரட்டும்மா" என்றார்.

மே 11, ஞாயிறு

ஆராதனையில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர் யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.