பாசி மருந்தும் அம்மாவின் குரோக்கஸும்

கெண்டல்,
மார்ச் 16

அன்பு மகள் ரோஸலிண்டுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். முழங்கால் விஷயம் பின்னால் வரும். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை டங்கனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா நட்ட குரோக்கஸ் பூத்ததா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய், மூன்றுக்கும் நான் மழையைப் பற்றியே பதில் எழுதினேன். இந்த ஊரில் ஒருவன் மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் எதையோ மறைக்கிறான் என்று பொருள். ஒன்பது வருட வெயிலில் நீ அதை மறந்திருப்பாய். இன்று உள்ளதை எழுதுகிறேன்.

அக்டோபரில் அம்மாவால் குனிய முடியவில்லை. சமையலறை நாற்காலியைப் புல்தரையின் நடுவில் போடச் சொல்லி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பையிலிருந்து குரோக்கஸ் கிழங்குகளைக் கைப்பிடியாக அள்ளி வீசினாள். ஒரு பக்கம் முடிந்ததும் நாற்காலியைத் திருப்பச் சொல்வாள். விழுந்த இடத்தில் நட வேண்டும், அதுதான் முறை, அப்போதுதான் தானாக முளைத்ததுபோல் இருக்கும். நான் நாற்பது வருடம் நிலம் அளந்து பிழைத்தவன், இரண்டு கிழங்கு ஒட்டி விழுந்தால் ஒன்றைத் தள்ளி வைக்கக் கை தானாகப் போகும். "எட்கர், விழுந்த இடத்துலயே நடு. உன்னை யாரும் திருத்தச் சொல்லல" என்பாள். மொத்தம் இருநூறு. அவள் வீச வீச நான் மண்டிபோட்டு நட்டேன். நாற்பத்தாறு வருடத்தில் நான் அவள் முன் மண்டிபோட்டது அன்றுதான் முதல் தடவையாம்; கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டேதான் கேட்டேனாம்.

ஜனவரியில் அம்மாவின் அடக்கத்துக்கு உன்னால் வர முடியாததை நினைத்து நீ வருந்த வேண்டாம். உனக்கு நன்றாகக் கேட்க வேண்டுமென்று பாதிரியார் கணினியைப் பார்த்தே பேசினார், எங்களுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் பக்கத்து வீட்டு கிளிஃபர்ட் வந்து சமையலறை ஜன்னலில் வெகுநேரம் நின்றான். இங்கே சாவைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை, புல்லைப் பற்றிப் பேசலாம். "உன் புல்லுல பாதி பாசிப்பா, எட்கர்" என்றான். மறுநாள் வாசலில் ஒரு பை பாசி மருந்து இருந்தது. மலர்வளையத்தைவிடக் கனம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அதைத் தூவினேன். ஆறு மாதமாக எந்த மருந்துக்கும் அவள் நோய் கேட்காததைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, போட்டால் போய்விடும் என்று பையிலேயே அச்சடித்திருந்தது பிடித்துப்போயிற்று. போகவும் போயிற்று. இரண்டே நாளில் பாசி தாராகக் கறுத்தது. மூன்றாம் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவே நக அளவில் முளைகள், ஒவ்வொன்றின் நுனியும் அணைத்த சிகரெட் மாதிரி கருகியிருந்தது. அந்த மருந்தில் இரும்பு இருக்கிறது. புல்தரையிலிருந்து சமையலறைக் கதவு வரை கல்லில் என் பூட்ஸ் தடம் துருவாகப் படிந்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. யார் செய்தது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை.

சமையலறை நாள்காட்டியில் டிசம்பர் தோறும் அடுத்த வருடத் தோட்ட வேலைகளை அவள் எழுதிவைப்பாள் அல்லவா. இந்த முறையும் எழுதியிருந்தாள். நான் ஜனவரித் தாளைத் திருப்பவே இல்லை. அன்றுதான் திருப்பினேன். பிப்ரவரியில்: புல்லை மிதிக்காதே, முளை வரும். செப்டம்பரில்: பாசி மருந்து இப்போது, அதற்கு முன் வேண்டாம். அடுத்த டிசம்பர் வரை எழுதியிருக்கிறாள், ரோஸலிண்ட், தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே.

செத்த பாசியைக் கிளறி எடுக்க கிளிஃபர்ட் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அது ஓடினால் மிச்ச முளையும் பிய்ந்துவிடும் என்று விஷயத்தைச் சொன்னேன். கைப்பிடியை விட்டான். பிறகு, "மியூரியல் இருந்தா நம்ம ரெண்டு பேரையும் குடையாலயே சாத்தியிருப்பா" என்றான். அடக்கத்துக்குப் பிறகு அவள் பெயரை ஒருவர் என் எதிரில் சொன்னது அன்றுதான். இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு முள்கரண்டியோடு வந்தான். பத்து நாள், அவன் ஒரு முனையில் நான் ஒரு முனையில், ஒவ்வொரு முளையைச் சுற்றியும் பாசியைக் குத்தி எடுத்தோம். முழங்கால் விஷயம் இதுதான்.

சனிக்கிழமை வெயில் வந்தது. அறுபத்தொன்று பூத்தன. இலை நுனியெல்லாம் கருகல், பூ நல்ல ஊதா. அவள் அறை ஜன்னலைச் சாத்த மாடிக்குப் போனபோது மேலிருந்து பார்த்தேன். பூக்கள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் ஒன்றுகூட இல்லாமல் ஒரு நாற்காலி அளவுக்கு இடம். நடும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த இடைவெளியில் அடுத்த அக்டோபரில் நாலு கிழங்கு வைத்தால் சரியாகிவிடும் என்கிறான் கிளிஃபர்ட். திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டவன் உன்னையும் டங்கனையும் காக்கட்டும். இலை தானாக மடியும்வரை புல்லை வெட்டமாட்டேன், தெரு என்ன சொன்னாலும். செப்டம்பரில் மருந்து போட வேண்டும், முடிந்தால் அப்போது வா. இல்லாவிட்டால் அடுத்த மார்ச்சில் வந்து மாடி ஜன்னலிலிருந்து ஒரு முறை பார்.

உன் அன்பு அப்பா,
எட்கர்